மண்ணைக் கேட்டுப் போடும் கணக்கு

சிவில் எஞ்சினீயரிங் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் மகனோ மகளோ உள்ள வீட்டில், மாசி பங்குனி மாதங்களில் ஒரு மாறுதலைக் காணலாம். சாப்பாட்டு மேஜையின்மீது பெரிய வரைபடத் தாள்கள் விரியும். இரவு இரண்டு மணி வரை விளக்கு எரியும். என்ன வேலை என்று கேட்டால் 'பிராஜெக்ட்' என்ற ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கும். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழர் இல்லங்களிலும் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. இஃது என்ன பணி, இதற்கு ஏன் இத்துணை ஆரவாரம் என்று நண்பர் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. நாம் இலக்கியம் படித்தவர்கள். சர்க்கார் கோப்புகளை மொழிபெயர்ப்பது நம் தொழில். எனினும் கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே சொல்ல முயல்கிறோம்.

கொல்கத்தாவில் இக்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1856-ஆம் ஆண்டு ரைட்டர்ஸ் கட்டடத்தில் தொடங்கிய எஞ்சினீயரிங் கல்லூரி, 1880-இல் ஹூக்ளி ஆற்றைக் கடந்து, தாவரவியல் தோட்டத்துக்கு அருகே சிவபூரில் குடியேறியது. பல பெயர்களைத் தாங்கிய அக்கல்லூரி 2014 முதல் மத்திய சர்க்காரின் தேசிய நிலையமாக விளங்குகிறது. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமோ, சுதேசி இயக்கத்தின்போது 1906-இல் தோன்றிய தேசியக் கல்விக் கழகத்தின் வழிவந்தது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரியை அறிந்த தமிழர், இவற்றுக்கு மூத்தது நம்முடையது என்று சற்றே பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

முதல் மூன்று ஆண்டுகளில் மாணவனுக்குத் தரப்படும் கணக்குகளுக்கெல்லாம் விடை உண்டு. பெரும்பாலும் அவ்விடை புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலேயே அச்சாகியிருக்கும். இறுதியாண்டுத் திட்டப்பணியில் அந்தக் கடைசிப் பக்கம் கிடையாது. ஒரு மனை, அதில் இன்ன கட்டடம் வேண்டும் என்ற தேவை, இவ்விரண்டே தரப்படுகின்றன. தூண் எங்கே நிற்பது, உத்திரம் எவ்வளவு கனம், கம்பி எத்தனை, செலவு என்ன என்பவற்றையெல்லாம் மாணவனே தீர்மானித்து, தீர்மானத்துக்குக் காரணமும் எழுத வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடைவெளியில் தூண்கள் நிற்கும் நான்கு மாடி வீடு என்று கொள்வோம். நடுத் தூண் ஒன்று ஒவ்வொரு மாடியிலும் 20 சதுர மீட்டர் தளத்தைச் சுமக்கிறது. கம்பியிட்ட காங்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ எடை. 12 சென்டிமீட்டர் கனமுள்ள தளமானால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ. பூச்சுக்கும் தரைக்கல்லுக்கும் மேலும் 100. வசிப்பவர்களுக்கும் அவர்களுடைய கட்டில் பீரோக்களுக்கும் இந்தியத் தரவிதி 200 கிலோ ஒதுக்கச் சொல்கிறது. ஆக 600 கிலோ. ஒரு மாடிக்கு 12 டன், நான்குக்கு 48. சுவரும் உத்திரமும் 16 டன் என்று வைத்தால், அந்த ஒரு தூணின் அடியில் 64 டன் வந்து நிற்கிறது. இதில் மனிதருக்கும் பண்டத்துக்கும் உரிய பங்கு 16 டன்தான்! கட்டடம் பெரும்பாலும் தன்னைத் தானே சுமந்துகொண்டு நிற்கிறது என்பதை நாம் முதன்முதலில் அறிந்தபோது வியப்படைந்தோம்.

இதுவரை போட்ட கணக்கு மதுரைக்கும் பொருந்தும், கொல்கத்தாவுக்கும் பொருந்தும். வேறுபாடு இனிமேல்தான் வருகிறது. சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் உறுதியான நிலமானால், அந்தத் தூணுக்கு மூன்றேகால் சதுர மீட்டர் அஸ்திவாரம் போதும். 8 டன்னே தாங்கும் மென்களிமண் என்றால் 8 சதுர மீட்டர் வேண்டும். கொல்கத்தா ஆற்று வண்டலின்மேல் எழுந்த நகரம். மேலே சற்று இறுகிய பழுப்புக் களிமண். அதன்கீழ், மக்கிய மரத்துண்டுகள் கலந்த சாம்பல் நிறக் களிமண் பல மீட்டர் ஆழத்துக்கு. அதற்கும் அடியிலேதான் கெட்டியான மண். அந்தச் சாம்பல் மண்ணின்மீது சுமை ஏறினால், நனைந்த துணியைப் பிழிந்தாற்போல நீர் மெல்ல மெல்ல வெளியேறி, நிலம் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே போகும். ஒரு மூலை அதிகமாக அமிழ்ந்தால் சுவர் பிளக்கும். ஆதலால் கனத்த கட்டடங்களுக்கு 'பைல்' எனப்படும் ஆழ்தூண்களை இறக்கி, அடியிலுள்ள உறுதியான மண்ணைத் தொட வேண்டியிருக்கிறது.

நாம் ஹௌராவில் ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் படும் பாலம் 1943-இல் திறக்கப்பட்டது. அதன் 457 மீட்டர் நடு இடைவெளியையும் 26,500 டன் எஃகையும் பலரும் வியப்பர். மண்ணுக்குள் மறைந்திருக்கும் பகுதியை எவரும் நினைப்பதில்லை. கோபுரங்களைத் தாங்க, 55 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமுமான கிணற்று அஸ்திவாரங்களை இறக்கினர். கொல்கத்தாக் கரையில் 31 மீட்டர் ஆழம் செல்ல வேண்டியிருந்தது. வேலை நடக்கையில் ஓர் இரவு அடிமண் நெகிழ்ந்து, அப்பெரும் பாரம் முழுவதும் திடீரென இரண்டடி கீழே இறங்கிற்று என்றும், கிதர்பூரில் இருந்த நிலநடுக்கக் கருவி அதனைப் பூகம்பமாகவே பதிவு செய்தது என்றும் பாலத்தின் வரலாறு கூறுகிறது.

மாணவர் கணக்குத்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைப்போர்க்கு அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லலாம். நியூயார்க்கில் 59 மாடிகளோடு 1977-இல் எழுந்த சிட்டிகார்ப் கட்டடத்தின் அடித்தூண்கள், மூலைகளில் அல்லாமல் பக்கங்களின் நடுவே நிற்கின்றன. மனையின் ஒரு மூலையில் மாதாகோயில் இருந்தமையே காரணம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி டயான் ஹார்ட்லி, 1978-இல் தம் இறுதியாண்டு ஆய்வுக்கு இதனை எடுத்துக்கொண்டு, மூலையை நோக்கி வீசும் காற்றுக்கும் கணக்குப் போட்டார். விசை எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வந்தது. வினவியபோது, கட்டடம் பத்திரமானது என்ற பதிலே கிடைத்தது. அவ்வாண்டே கட்டடத்தை வடிவமைத்த லெமெஷூரியர் மீண்டும் கணக்கிட்டு, இணைப்புகள் பற்றவைக்கப்படாமல் போல்ட்டால் பூட்டப்பட்டிருப்பதன் அபாயத்தை உணர்ந்தார். இரவு நேரங்களில் பற்றவைப்போரைக் கொண்டு இரகசியமாகச் செப்பனிட்டனர். உலகம் இதனை அறிந்தது 1995-இல். அம்மாணவியின் வினா அவருடைய செவிக்கு எட்டியதா என்பது இன்றும் வழக்காடப்படும் விஷயம்.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. திட்டப்பணி அறிக்கைகளை ஆயத்தமாக விற்கும் கடைகள் பல நகரங்களில் இருக்கின்றன. பெயரையும் ஊரையும் மாற்றித் தந்துவிடுவார்கள். மூலத்தைப் படிக்காமல் மொழிபெயர்ப்பவனும் உலகில் உண்டு; ஆனால் அவனால் பாலம் இடிவதில்லை. 2016 மார்ச் 31-இல் விவேகானந்தா சாலையில் கட்டப்பட்டு வந்த மேம்பாலம் சரிந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018 செப்டம்பர் 4-இல் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து மூவர் இறந்தனர். பல்லாண்டுகளாகத் தாரின்மேல் தார் இட்டதால் ஏறிய சுமையும் அப்போது காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. மேலே நாம் போட்ட கணக்கில் தன்னெடை என்று கண்டோமே, அதுதான் இது.

நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அப்படியொரு அறிக்கையை வாங்கிக் கொடுத்தான். மனை சால்ட் லேக்கில் என்று எழுதியிருந்தது. 1960-களில் உப்பேரியை ஹூக்ளியின் வண்டலால் நிரப்பி உண்டாக்கிய இடம் அது. அறிக்கையிலோ ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பாறை! வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, "தம்பி, இந்தப் பாறையை நீ எங்கே பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டாராம். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

அந்த ஆறு மாதமும் அவன் உழைத்தான். சால்ட் லேக்கில் வீடு கட்டுவோரிடம் அலைந்து, மண் சோதனை அறிக்கை ஒன்றின் நகலைப் பெற்றான். முதற் கணக்கில் ஆழ்தூண்கள் போதவில்லை. எண்ணிக்கையைக் கூட்டினான், செலவு வரம்பை மீறியது. தூண்களின் இடத்தை மாற்றினான். கார் நிறுத்தும் இடம் போயிற்று. "ஒரு மாடியைக் குறைக்க வேண்டும் போலிருக்கிறது, மாமா" என்று ஒரு நாள் இரவு நம்மிடம் வந்து சொன்னான். குறைத்தான். அடுத்த தேர்வில் அதே பேராசிரியர், நான்கு மாடி கேட்ட இடத்தில் ஏன் மூன்று என்று வினவினார். அரை மணி நேரம் பதில் சொன்னானாம்.