அழைப்பா, வசூலா?
திருமணத்திற்கு முந்தைய கொண்டாட்டங்களும் நண்பர்களின் சுமையும்

 



சென்னை தேனாம்பேட்டையில் ஒரு நாள் அஸ்ர் தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் பள்ளிவாசலின் தூணருகே தயங்கி நின்றார். அருகில் அழைத்து விசாரித்தபோது, தம் சிறுவயது நண்பருக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகக் கூறினார். "மாஷா அல்லாஹ், மகிழ்ச்சியான செய்திதானே தம்பி!" என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஹஜ்ரத், நிகாஹ்வுக்கு இரண்டு வாரம் முன்பு நண்பர்கள் ஏழு பேரும் கோவாவுக்குப் போக வேண்டுமாம். பயணம், தங்கும் அறை, எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, மாப்பிள்ளையின் பங்கையும் சேர்த்து ஆளுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். என் சம்பளமே இருபத்திரண்டாயிரம். கடன் அட்டையில் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். போகாவிட்டால் நட்பை முறித்தவனாக ஆகிவிடுவேனா? அழைப்பை மறுத்த பாவம் வருமா?"

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. நம் இல்லங்களில் பல பிள்ளைகள் வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் புழுங்கும் கேள்வி இது. எனவே இதற்கான விடையை மார்க்கத்தின் ஒளியில் சற்று விரிவாகவே காண்போம்.

எங்கிருந்து வந்தது இந்தச் சுமை?

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை சென்னையில் நம் வீட்டுத் திருமணங்களுக்கு முன்னால் என்ன நடந்தது? வீட்டுப் பெண்கள் கூடி மணப்பெண்ணுக்கு மருதாணி இடுவார்கள். அண்டை வீட்டார் வந்து வெற்றிலை பாக்கும் இனிப்பும் பெற்றுச் செல்வார்கள். மாப்பிள்ளையின் தோழர்கள் பந்தல் வேலையிலும் பந்தி பரிமாறுவதிலும் தோள் கொடுப்பார்கள். நண்பன் கொடுத்தது அவனுடைய உழைப்பு.

இன்று ஹல்தி, மெஹந்தி, சங்கீத், பேச்சிலர் பார்ட்டி என்று திருமணத்திற்கு முன்பே நான்கு விழாக்கள். ஆண்கள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும் இதில் அகப்பட்டிருக்கிறார்கள். தோழியின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நிறத்தில் உடை. ஒரு முறை உடுத்திய பின் அலமாரியில் உறங்கும் உடை!

மணநாளுக்கு முன் ஆண் நண்பர்கள் மட்டும் கூடிக் களிக்கும் பழக்கம் மேலை நாடுகளில் ஓர் இரவு விருந்தாக இருந்து, பிறகு அயல்நாட்டுப் பயணமாக வளர்ந்தது. அது திரைப்படங்கள் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நம் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் 3 வரை குஜராத்தின் ஜாம்நகரில் அம்பானி குடும்பத்தினர் நடத்திய திருமணத்திற்கு முந்தைய விழாவை நாடே வேடிக்கை பார்த்தது. எந்த நிகழ்ச்சிக்கு எவ்வகை உடை என்றுகூட விருந்தினர்களுக்குக் குறிப்பு வழங்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே செலவை ஏற்றவர்கள் விருந்துக்கு அழைத்தவர்கள். நம் பிள்ளைகள் அந்த உடைக் குறிப்பை மட்டும் இறக்குமதி செய்துகொண்டார்கள். செலவை விருந்தினர் தலையில் வைத்துவிட்டார்கள்!

அன்பளிப்பின் நிலையையும் பாருங்கள். நண்பர்கள் சேர்ந்து ஒரு கிராம் தங்க மோதிரம் போடுவது நம்மிடையே பழகிய வழக்கம். 2005ஆம் ஆண்டில் ஒரு சவரன் ஆறாயிரம் ரூபாயைக்கூடத் தொடவில்லை. எனவே ஒரு கிராம் எழுநூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கியது. 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைக் கடந்தது. அதாவது கிராம் பதினோராயிரத்துக்கும் மேல். வழக்கம் மாறவில்லை, விலை பதினைந்து மடங்கு ஏறிவிட்டது.

மகிழ்ச்சியை மார்க்கம் தடுக்கிறதா?

இல்லை, ஒருபோதும் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு மணப்பெண்ணை அன்சாரி ஒருவரிடம் அனுப்பி வைத்தபோது, மகிழ்வூட்டும் நிகழ்ச்சி ஏதும் உடன் இல்லையா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அன்சாரிகள் அதை விரும்புபவர்கள் என்றும் நினைவூட்டினார்கள். ருபய்யிஃ (ரலி) அவர்களின் திருமணத்தில் சிறுமியர் தஃப் அடித்துப் பாடியபோது நபி (ஸல்) அவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். இரண்டு செய்திகளும் புகாரியில் பதிவாகியுள்ளன. எனவே சிரிப்பதும் கூடியிருப்பதும் குற்றமன்று.

ஆனால் அந்த மகிழ்ச்சியின் விலை என்ன? கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்தபோது நடந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டது. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் இவையே விருந்து. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மணம் முடித்ததை, அவர் மேனியில் இருந்த மஞ்சள் நிற நறுமணப் பூச்சின் அடையாளத்தைக் கண்ட பிறகே நபி (ஸல்) அவர்கள் கேட்டு அறிந்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்குமாறு அவரிடம் கூறினார்கள். தம்மை அழைக்கவில்லை என்ற கோபமும் இல்லை. கொண்டாட்டம் வைக்கவில்லை என்ற குறையும் இல்லை.

எந்த அழைப்பை ஏற்பது கடமை?

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். அழைப்பை ஏற்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமைகளுள் ஒன்று என்று ஹதீஸ் கூறுவது உண்மை. ஆட்டுக்கால் விருந்துக்கு அழைத்தாலும் செல்வேன் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதும் உண்மை. எனவேதான் வலீமா அழைப்பை ஏற்பது கடமை என்று அறிஞர்களில் பெரும்பான்மையோர் கூறுகின்றனர். ஹனஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பது பிரபலமான கருத்து.

ஆனால் வலீமா என்பது திருமண விருந்து. திருமணத்திற்கு முன்பு நடக்கும் உல்லாசப் பயணம் வலீமா ஆகாது. மற்ற அழைப்புகளை ஏற்பது நல்லது, விரும்பத்தக்கது என்ற அளவிலேயே பெரும்பாலோர் நிறுத்துகின்றனர். தடுக்கப்பட்டவை நடக்கும் இடத்திற்கும், செல்பவருக்குத் தீங்கு விளையும் இடத்திற்கும் போகாமல் இருக்க அனுமதியும் உண்டு. மதுவும் ஆட்டமும் கலந்த இடமாயின், அனுமதி என்பதைத் தாண்டி விலகுவதே கடமையாகிவிடும்.

இதற்கும் மேலாக ஓர் அடிப்படை உண்டு. அழைப்பவர் எவரோ அவரே விருந்தளிப்பவர். ஆட்டுக்கால் ஆனாலும் அது அழைத்தவர் வீட்டுப் பானையில் வெந்தது. "வா" என்று சொல்லிவிட்டு "பதினெட்டாயிரம் கொண்டு வா" என்றால் அது அழைப்பு அன்று; கூட்டுச் செலவுக்கான கோரிக்கை. கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் ஒருவருடைய வசதியைப் பொறுத்தது. மறுத்தவர் பாவியும் அல்லர், துரோகியும் அல்லர்.

பங்கு போடுவதன் இலக்கணம்

"நண்பர்கள் சேர்ந்து பங்கு போட்டுச் செலவு செய்வதே கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாகக் கூடும். அதற்கு அழகான முன்மாதிரியே இருக்கிறது. யமன் நாட்டு அஷ்அரீ குலத்தார் போரில் உணவு குறைந்தாலோ, ஊரில் குடும்பத்தாரின் உணவு சுருங்கினாலோ, தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து பகிர்ந்துகொள்வார்கள். அவர்களைத் தம்மவர் என்றும், தாம் அவர்களைச் சார்ந்தவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் (புகாரி).

இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். போட்டது அவரவரிடம் உள்ள அளவு. எடுத்தது சம அளவு. இன்று நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. லட்சம் சம்பாதிப்பவனும் இருபதாயிரம் சம்பாதிப்பவனும் சமமாகப் போட வேண்டும் என்கிறோம். வெளிப்பார்வைக்கு நீதி போலத் தெரியும் இது, ஏழை நண்பனுக்கு அநீதி. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் சுருக்கப்பட்டவர் அல்லாஹ் கொடுத்ததிலிருந்தும் செலவிடட்டும் என்பது திருக்குர்ஆன் 65ஆம் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தரும் கட்டளை. அது தலாக் விடப்பட்ட மனைவியருக்கான செலவு பற்றி இறங்கியது. கடமையான செலவிலேயே சக்திக்கு மீறிச் சுமத்தாத இறைவன், களியாட்டச் செலவில் அடியார்கள் ஒருவர் மீது ஒருவர் சுமத்துவதையா பொருந்திக்கொள்வான்?

மேலும், மனப்பூர்வமாகக் கொடுத்தாலன்றி ஒரு முஸ்லிமின் பொருள் மற்றவருக்கு ஆகுமானதன்று என்பது நபிமொழி தரும் சட்டம். கேலிக்கு அஞ்சி, குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சிக் கொடுக்கும் பணத்தில் மனப்பூர்வம் எங்கே இருக்கிறது?

கடன் வாங்கிக் களிப்பதா?

கடன் அட்டையில் பாக்கி வைத்தால் பொதுவாக மாதத்திற்கு நூற்றுக்கு மூன்று, மூன்றரை ரூபாய் வட்டி. பதினெட்டாயிரத்துக்கு மூன்றரை வீதம் என்றால் மாதம் 630 ரூபாய் வட்டி மட்டும்! நண்பனின் திருமணத்தில் தொடங்கிய மகிழ்ச்சி, அல்லாஹ் போர்ப் பிரகடனம் செய்த வட்டியில் (2:279) போய் முடிகிறது.

வட்டியில்லாக் கடனேயானாலும் அது எளிதானதன்று. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டு அதிகமாகப் பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று விளக்கினார்கள் (புகாரி). தாயின் மருந்துச் செலவைத் தள்ளிப் போட்டு, "அலுவலக வேலையாக வெளியூர் போகிறேன்" என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுச் செல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த விளக்கத்தின் உண்மை நமக்குப் புரிகிறது.

"இன்று நான் அவனுக்குச் செய்தால், நாளை என் திருமணத்துக்கு அவன் செய்வான்" என்பது மற்றொரு சமாதானம். இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பேராவூரணி, கீரமங்கலம் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்துகளே சாட்சி. வந்தவர் தந்ததெல்லாம் நோட்டில் எழுதப்படும். பெற்றவர் அதனுடன் கூடுதலாகவும் திருப்பிச் செய்ய வேண்டும். உதவியாகத் தொடங்கியது தீராத கணக்காகிவிட்டது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் அப்பகுதியின் தென்னைகள் சாய்ந்தன. நோட்டில் எழுதிய மொய்க் கணக்கு சாயவில்லை.

பிறருடைய செல்வத்தில் பெருகும் என எதிர்பார்த்துக் கொடுப்பது அல்லாஹ்விடம் பெருகுவதில்லை என்று 30ஆம் அத்தியாயத்தின் 39ஆம் வசனம் உணர்த்துகிறது. கூடுதலாகத் திரும்ப வரும் என்று கொடுக்கும் அன்பளிப்பையே இது குறிக்கும் என இப்னு அப்பாஸ் (ரலி) உள்ளிட்டோர் விளக்கியுள்ளனர். அத்தகைய அன்பளிப்பு குற்றமில்லை எனினும் நன்மை இல்லாதது என்பது விரிவுரையாளர்களின் கருத்து.

தோழர்கள் தோழருக்குச் செய்த திருமணம்

நண்பனின் திருமணத்துக்கு நண்பர்கள் எப்படிச் செலவிட வேண்டும் என்பதற்கு, முஸ்னத் அஹ்மதில் வரும் ரபீஆ பின் கஅப் அல்அஸ்லமீ (ரலி) அவர்களின் வரலாறே போதும். நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த ஏழை அவர். திருமணம் பேசி முடித்த பின், மஹர் கொடுக்க ஏதுமின்றிக் கவலையோடு வந்தார். நபி (ஸல்) அவர்கள் புரைதா (ரலி) அவர்களை அழைத்துத் திரட்டச் சொன்னார்கள். தோழர்கள் ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் சேர்த்தார்கள். பெண் வீட்டார் இதுவே அதிகம் என்று மகிழ்ந்து ஏற்றார்கள். பிறகு வலீமாவுக்கு வழியில்லை என்றபோது தோழர்களே ஓர் ஆட்டுக்கிடாய் வாங்கித் தந்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் இருந்த வாற்கோதுமைக் கூடையைக் கொடுத்தனுப்பினார்கள். அன்று அவ்வீட்டில் வேறு உணவு இல்லை! பெண் வீட்டார் ரொட்டி சுட, தோழர்கள் ஆட்டைச் சமைக்க, வலீமா நிறைவேறியது.

நண்பர்களின் பணம் அங்கே மணமகனின் தேவைக்குச் சென்றது. இங்கே விடுதியின் கல்லாவுக்குச் செல்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

மணமகனாகப் போகும் இளைஞர்களே! அழைப்பதாயின் உங்கள் செலவில் அழையுங்கள். இயலவில்லையா, இஷாவுக்குப் பிறகு வீட்டு மொட்டைமாடியில் தேநீரும் சமோசாவும் போதும். "வரமுடியவில்லை" என்று ஒரு நண்பன் சொன்னால் காரணம் கேட்டுக் குடையாதீர்கள்.

நண்பர்களே! அன்பளிப்புத் திரட்டும்போது பெயரும் தொகையும் வெளியே தெரியாதபடி ஓர் உறையில் அவரவர் இயன்றதைப் போடுங்கள். அதை மஹருக்கோ, புதுக்குடித்தனத்தின் அடுப்புக்கோ பாத்திரத்துக்கோ கொடுங்கள். ஆட்டின் குளம்பாயினும் அன்பளிப்பை அற்பமாக எண்ணலாகாது என்பது நபிவழி.

பெற்றோர்களே! பிள்ளையின் கையில் திடீரெனப் பணம் குறைந்தால் அதட்டாமல் கேளுங்கள். "வேண்டாம் என்று சொல், நான் உன் பக்கம் இருக்கிறேன்" என்று தைரியம் கொடுங்கள்.

அந்த இளைஞரிடம் இவற்றையே கூறினேன். சில நாட்கள் கழித்து வந்தார். மனம் துணிந்து நண்பரிடம் உண்மையைச் சொன்னாராம். மாப்பிள்ளை சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "மற்றவர்கள் ஆசைப்படுகிறார்களே என்றுதான் நானும் சரி என்றேன்" என்றாராம். விசாரித்தபோது, ஏழு பேரில் மூவர் கடன் வாங்கவே எண்ணியிருந்தது தெரிந்தது. இருவருக்கு வருத்தம்தான், அவர்கள் தனியே சென்று வந்தார்கள். மற்றவர்கள் நிகாஹ்வன்று பந்தி பரிமாறினார்கள்.

ஒருவர் வாய் திறக்கும் வரை அனைவரும் பிறருக்காகவே சுமந்துகொண்டிருந்தார்கள். சகோதரர்களே, நம் தெருவிலும் அந்த ஒருவர் தேவைப்படுகிறார். அது நீங்களாக இருங்கள்.

வீண்விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையை (25:67) நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அருள்வானாக! கடனின் இழிவிலிருந்து நம் இளைஞர்களைக் காப்பானாக! நம் திருமணங்களை எளிமையும் பரக்கத்தும் நிறைந்தவையாக ஆக்குவானாக! ஆமீன்.