தொகுத்ததைப் பொதுவாக்கிய மருத்துவர்

அரிய பொருள்களைத் தேடிச் சேர்க்கும் விருப்பம் மக்களுள் பலர்க்கு உண்டு. சேர்த்தவற்றைப் பிறர்க்குக் காட்டி மகிழ்வோர் சிலர். அவற்றை நாட்டுக்கே உரிமையாக்குவோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர்.

இவர் 1660-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள கில்லிலே என்னும் ஊரில் பிறந்தார். பதினாறாம் வயதில் குருதி கக்கும் நோய் இவரைப் பற்றியது. அந்நோயை மதுவை நீக்கியும் உணவை அளவோடு உண்டும் வென்றார். பின்னர்ப் பிறந்த மண்ணை விட்டு இலண்டனுக்கும் பிரான்சுக்கும் சென்று மருத்துவம் கற்றார். இலண்டனையே தம் வாழ்விடமாகக் கொண்டார்.

1687-இல் ஜமெய்க்காத் தீவின் ஆளுநர்க்கு மருத்துவராகக் கடல் கடந்தார். அங்கு ஏறத்தாழப் பதினைந்து திங்கள் தங்கினார். நோயாளிகளைக் கண்ட நேரம் போக, எஞ்சிய நேரமெல்லாம் செடி கொடிகளைத் தேடினார். அவற்றைத் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்தி, ஏறத்தாழ 800 வகைகளுடன் 1689-இல் திரும்பினார்.

இலண்டனில் இவர் புகழ் ஓங்கியது. அரசர்க்கு மருத்துவம் செய்த இவரே, காலை வேளையில் ஏழைகட்குப் பொருள் பெறாமல் மருந்து கூறினார். 1727-இல் நியூட்டனுக்குப்பின் இராயல் கழகத்தின் தலைவரானார். ஈட்டிய பொருளைக் கொண்டு நூல்கள், நாணயங்கள், சங்குகள் முதலியவற்றை வாங்கினார். பிறர் தொகுத்தவற்றையும் விலைக்குக் கொண்டார். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரௌன் தமிழ்ப் பெயர்களுடன் அனுப்பிய செடிகளும் அவ்வழியே இவரிடம் சேர்ந்தன. உலர்ந்த செடிகள் மட்டும் 265 தொகுதிகளாயின. அவை இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் உள்ளன.

எனினும், வெண்ணிலவிலும் களங்கம் உண்டு. 1695-இல் இவர் மணந்த அம்மையார்க்கு ஜமெய்க்காவிலிருந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வருவாய் வந்தது. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். கண்ணீரில் விளைந்த அச்செல்வமும் இவர் தொகுப்பை வளர்த்தது. செடிகளின் இயல்பை இவர்க்கு எடுத்துரைத்தவர்களுள்ளும் அடிமைகள் இருந்தனர். இவரது அறச்செயலைப் போற்றும் நாம் அவர்தம் துன்பத்தை மறத்தல் முறையன்று. இதனைக் கருதியே, 2020-இல் பிரிட்டிஷ் காட்சிச்சாலையார் இவருடைய மார்பளவுச் சிலையை இடம் மாற்றி, அதனருகே இவ்வரலாற்றையும் எழுதி வைத்தனர்.

1753-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 92-ஆம் வயதில் ஸ்லோன் மறைந்தார். அப்போது இவர் தொகுப்பில் 71,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அவற்றைச் சிதறவிடாமல் நாடு ஏற்க வேண்டும். தம் மகளிர் இருவர்க்கும் 20,000 பவுன் அளிக்க வேண்டும் என இவர் எழுதி வைத்திருந்தார். பொருள்களின் மதிப்பை நோக்க அத்தொகை சிறிதே. பாராளுமன்றம் அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றி, பரிசுச்சீட்டு நடத்திப் பொருள் திரட்டியது. இவ்வாறு தோன்றிய பிரிட்டிஷ் காட்சிச்சாலை 1759-இல் கட்டணமின்றித் திறக்கப்பெற்றது.

பெட்டியில் பூட்டிய பொருள் ஒருவர்க்கே உரியது. பொதுவில் வைத்த பொருளோ தலைமுறை பலவற்றுக்கும் பயன் தருவது. சேர்க்கும்போது அது வந்த வழியை ஆராய்தலும், சேர்த்தபின் பிறர்க்குப் பகிர்தலும் நம் கடமைகளாகும்.