தாடைமூட்டு வலிக்கு நிலையான நிவாரணம்

காது குத்துகிறது என்று மருந்தகத்திற்கு வருவோருள் சிலருக்குக் காதில் யாதொரு கோளாறும் காணப்படுவதில்லை. காதுக்கு மருந்து விட்டும் பயனில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் வலி விடுவதில்லை. இப்படி மாதக்கணக்கில் அலைந்தோர் பலருக்கு வலியின் இருப்பிடம் தாடைமூட்டாகவோ அதனை இயக்கும் தசைகளாகவோ இருக்கும்.

வாசகர்கள் தங்கள் சுட்டுவிரல்களை இரு காதுகளுக்கும் சற்று முன்னே வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பார்க்க வேண்டுகிறோம். விரலின் கீழ் உருண்டு நகர்வதே அம்மூட்டு. கதவின் கீலைப் போல் மடங்குவதோடு இது நிற்பதில்லை. வாய் அகலத் திறக்கும்போது கீழ்த்தாடையின் குமிழ் முன்னோக்கி வழுக்கியும் செல்கிறது. எலும்போடு எலும்பு உராயாதிருக்க இடையில் ஒரு மெல்லிய வட்டு அமைந்துள்ளது. அவ்வட்டு சற்று விலகியிருந்தால் 'டக்' என்னும் ஒலி எழும். வலியில்லாத அவ்வொலிக்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை, சிகிச்சையும் தேவையில்லை.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. உறக்கத்தில் பல்லைக் கடித்தல், கவலையால் பகலிலும் தாடையை இறுக்கி வைத்திருத்தல், முகத்தில் பட்ட அடி, மூட்டுவாதம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கழுத்து வலியும் இதனோடு சேர்ந்தே வருவதுண்டு. நாள் முழுதும் அண்ணாந்து பார்த்துச் செம்பனைக் குலை வெட்டுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கே, அதிலும் 20 முதல் 40 வயதினருக்கே, இவ்வலி மிகுதி.

நம் மக்கள் ஒன்றை மட்டும் தாடை வலியென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. வெற்றிலை பாக்கு மெல்லுவோருக்கு வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமற் போவதும், காரம் பட்டால் உட்கன்னம் எரிவதும், கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகுவதும் மூட்டுக் கோளாறு அல்ல. அது பாக்கினால் விளையும் நோய். புற்றாக மாறவும் கூடும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அத்தகையோர் பாக்கை அன்றே விட்டுப் பல் மருத்துவரிடம் வாயைக் காட்ட வேண்டும். மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றோடு தாடையும் வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தோருக்கு மெல்லும்போது தாடை வலியும், நெற்றிப்பொட்டில் நோவும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அதற்கும் தாமதம் ஆகாது.

இவ்வலியின் வரலாறு நமக்கொரு பாடம். 1934-இல் காஸ்டன் என்னும் அமெரிக்கக் காது மருத்துவர், கடைவாய்ப் பற்களை இழந்தமையே இதற்குக் காரணம் என எழுதினார். அது முதல் பல்லாண்டுகள் பற்களைத் தேய்த்தும் உயர்த்தியும் கடியைத் திருத்த முயன்றனர். அக்கருத்தைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. 1980-களில் அமெரிக்காவில் டெஃப்லான் கலந்த செயற்கை வட்டுகள் பலருக்குப் பொருத்தப்பட்டன. அவை மூட்டினுள் சிதைந்து எலும்பை அரித்ததால் 1990-களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன. ஆதலின், பல்லைத் தேய்க்கவோ மூட்டை அறுக்கவோ எவரேனும் முதல் நாளே கூறினால், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நன்று.

பெரும்பாலோருக்கு எளிய வழிகளே போதுமானவை. உதடுகள் மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொட்டவாறு இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் அன்றிப் பற்கள் சேர வேண்டிய தேவையே இல்லை. பலர் இதனை அறிவதில்லை. பால்மரம் சீவும்போதும் வண்டி ஓட்டும்போதும் தம்மையறியாது பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கின்றனர். மணிக்கொரு முறை தாடையை நினைத்துப் பார்த்துத் தளர்த்திவிடும் பழக்கமே முதல் மருந்து. வலி மிகுந்த சில நாட்களுக்கு இட்டலி, குழைந்த சோறு போன்ற மெதுவான உணவு போதும். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துணியை 15 நிமிடம் கன்னத்தில் வைத்து, தசையை மெல்லப் பிடித்துவிடலாம். கொட்டாவி வரும்போது கையால் மோவாயைத் தாங்கிக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை சில நாளைக்கு உதவும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதனை உட்கொள்ளலாகாது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த வலிக்கு, 2023-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் தாடையை இயக்கித் தசையைத் தளர்த்துதல், உடல் நிலையைச் செம்மைப்படுத்தும் பயிற்சி, வலியையும் மனக்கவலையையும் கையாளக் கற்பிக்கும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. இரவில் அணியும் பற்கவசம் பல் தேய்வதைத் தடுக்கும். ஆயினும் நாட்பட்ட வலியை அது தீர்க்கும் என்று நம்பிவிடுவதற்கில்லை.

பயிற்சியுள் எளியது இது: நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைத்தபடியே, கண்ணாடி முன் நின்று தாடை ஒருபக்கம் கோணாமல் மெல்ல ஆறு முறை திறந்து மூடுக; நாளைக்குப் பலமுறை செய்க. வலி கூடினால் அன்று நிறுத்திவிட வேண்டும். வாரம் ஒருமுறை நம் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையே எத்தனை நுழைகின்றன என்று பார்த்து நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். பெரும்பாலும் மூன்று நுழையும். மருந்தகத்திற்குச் செல்லும்போது அந்த நாட்காட்டித் தாளையும் உடன் எடுத்துச் செல்க.