டெண்டரில் மலிவு எது?

சர்க்கார் வேலைகளில் மலிவு என்பது யாது என்று நம் ஜனங்கள் கேட்பது அரிது. ஒரு ரஸ்தாவுக்கு டெண்டர் அழைக்கிறார்கள், குறைந்த தொகை எழுதியவருக்கு வேலை கிடைக்கிறது, இரண்டொரு மழைக்காலம் கழிந்ததும் ஜல்லி பெயர்ந்து குழி விழுகிறது, மறுபடியும் டெண்டர். இருமுறை பணம் கொடுத்த வரிகொடுப்போனிடம், ஒவ்வொரு முறையும் மலிவாகவே முடிந்தது என்று கணக்குக் காட்டுகிறார்கள். இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

இதற்குப் பரிகாரம் தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. திருநகருக்கு அண்டையிலே, திருப்பரங்குன்றத்தில், கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957-ல் நிறுவிய தியாகராஜர் பொறியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே ரசாயனப் பேராசிரியராயிருந்த ராஜகோபாலன் வாசுதேவன், குப்பையில் எறியும் பிளாஸ்டிக்கைக் கொண்டு ரஸ்தா போடும் முறையைக் கண்டார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே அது பரீட்சிக்கப்பட்டது. முறை எளியது. ஜல்லியை ஏறக்குறைய 160 டிகிரி வரை சுடவைத்து, துண்டாக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும்; பின்னர் தாரைக் கலக்கவேண்டும். போர்வையுள்ள கல்லில் நீர் எளிதில் இறங்காது. தாரும் இறுகப் பற்றும். தாரின் எடையில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு வரை பிளாஸ்டிக் சேரலாம். பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் அது நச்சுப்புகை விடும். 2018-ல் இவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்து தேசம் கௌரவித்தது.

பட்டம் அளித்ததோடு கடமை தீர்ந்ததா? 2015 நவம்பரில் மத்திய நெடுஞ்சாலை இலாகா, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தேசிய நெடுஞ்சாலை போடுவோர் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்கவேண்டும் என்று விதித்தது. 2016-ஆம் ஆண்டின் கட்டிட இடிபாட்டு விதிகளோ, சர்க்கார், நகரசபை காண்ட்ராக்டுகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இடிபாட்டிலிருந்து செய்த பொருளை வாங்கவேண்டும் என்று கூறின. 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய ரஸ்தாவைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போடவேண்டும் என உத்தரவிட்டார். மேலுக்கு மேல் தளம் போட்டு ரஸ்தா உயர, வீடுகள் பள்ளத்தில் அமிழும் கஷ்டத்தை மழைநாளில் அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உத்தரவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் காண்ட்ராக்டரைக் கட்டுவது உத்தரவன்று, அவர் கையொப்பமிடும் டெண்டர்ப் பத்திரமே. அதில் எழுதாத நிபந்தனையை எந்தக் கோர்ட்டிலும் அவர்மீது நிலைநாட்டுவது கடினம். "குறைந்த டெண்டரையே ஏற்கும்படி சட்டம் எங்கள் கையைக் கட்டியிருக்கிறது" என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் சட்டத்தின் பத்தாவது பிரிவை அவர்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்கட்டும். பத்திரத்தில் குறித்த, அளந்தறியத்தக்க அம்சங்களுக்கு மதிப்புக் கொடுத்துக் கணித்தபின் எது குறைவோ, அதுவே குறைந்த டெண்டர் என்பது அதன் கருத்து. ஆயுளையும் பராமரிப்புச் செலவையும் அம்சங்களாகக் குறிக்க அது தடை சொல்லவில்லை. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் செய்த கொள்முதல் விதியும், ஒரு வேலையின் ஆயுட்காலச் செலவு முழுவதையும் கணக்கிட இடம் தருகிறது.

இத்தகைய நிபந்தனைகளால் சிறு காண்ட்ராக்டர்கள் நசுங்குவார்கள் என்பது ஓர் ஆட்சேபம். அதை அலட்சியம் செய்யலாகாது. அரைத்த பிளாஸ்டிக்கை நகரசபையே சேகரித்து, நியாய விலைக்குக் கொடுத்தால் அந்தச் சுமை குறையும். குப்பை பொறுக்கும் ஏழைக்கும் கூலி கிடைக்கும். ரஸ்தாவில் போடலாம் என்பதால் பிளாஸ்டிக்கைத் தாராளமாகப் பெருக்கலாமோ என்பது இன்னோர் ஆட்சேபம். கூடாது. 2019 ஜனவரி முதல் நம் மாகாணத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. தடையைத் தளர்த்த இந்த முறை சாக்காகக் கூடாது. தடைக்குப் பின்னும் எஞ்சும் குப்பைக்கே இது வழி.

ஆகவே நாம் கோருவது மூன்று. நிபந்தனைகள் டெண்டர்ப் பத்திரத்திலேயே அளவோடு எழுதப்படவேண்டும். தளத்தை வெட்டியெடுத்துச் சோதித்த முடிவு வந்த பிறகே கடைசித் தவணைப் பணம் கொடுக்கப்படவேண்டும். அந்தச் சோதனை முடிவு வார்டு ஜனங்கள் காணும்படி வெளியிடப்படவேண்டும்.

2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது திருநகர். அங்குள்ள ஊழியர்கள் கோஷமிடுவதோடு நில்லாமல், தம் தெருவுக்கு அடுத்த டெண்டர் வரும்போது பத்திரத்தைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படிக்கவேண்டும். அண்டையில் பிறந்த வித்தை அந்தப் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏறவில்லையாயின், வேலை தொடங்குமுன் கேட்கவேண்டும். குழி விழுந்தபின் கேட்பதில் பயனில்லை.