திறவாத கதவு: சமத்துவத்துக்கான அரசின் முயற்சிகளும் திருச்சபையும்

சிவகாசியை அடுத்த திருத்தங்கல் சிலப்பதிகாரம் கூறும் பழம்பதியாகும். அவ்வூர் வார்த்திகனைப் பாண்டியனின் அலுவலர் கள்வனெனத் தவறாகக் கருதிச் சிறையிட்டனர்; அதனால் ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. அரசன் பிழையுணர்ந்து, அவனை விடுவித்து, ஊர்களை அளித்து, மன்னிப்பு வேண்டிய பின்னரே கதவு திறந்தது என்பது வரலாறு. நீதி தவறிய இடத்தில் வழிபாடும் தடைப்படும் என்னும் இக்கருத்து, காணிக்கைக்கு முன் ஒப்புரவை வேண்டிய நம் ஆண்டவரின் போதனைக்கு (மத்தேயு 5:23-24) அயலானதன்று. இவ்வட்டாரத்தில் சாதி ஏற்றத்தாழ்வை நீக்க அரசு மேற்கொண்ட முயற்சிகளை இவ்வொளியில் நோக்குவோம்.

1. பேருந்தின் பெயர்

கட்டபொம்மனின் படைத்தளபதியாக நினைவுகூரப்படும் சுந்தரலிங்கத்தின் பெயரை, 1997இல் தமிழக அரசு விருதுநகர்ப் பகுதிப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டியது. ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சிலர் மறுத்தனர். கலவரம் மூண்டது, உயிர்கள் மாண்டன. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிற்று. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்பொழுதுதான். பலகையை மாற்ற அரசாணை போதும். உள்ளத்தை மாற்ற அது போதவில்லை.

2. ஒரே இடுகாடு

மறு ஆண்டு, 1998இல், மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளுள் 40 ஆதிதிராவிடருக்கும், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு 25 வீதமும், ஏனையோருக்கு 10உம் ஒதுக்கப்பட்டன. பல சாதியினரும் அடுத்தடுத்து வாழ்வர். இறந்தோர் அனைவருக்கும் இடுகாடு ஒன்றே. எச்சமயத்தின் வழிபாட்டிடத்துக்கும் அங்கு இடமில்லை. மக்களை ஒன்றாக வாழச் செய்ய எண்ணியோர் ஆலயத்தை வெளியே நிறுத்தியதேன் என்பது இறையியல் மாணவர் சிந்திக்க வேண்டிய வினா.

3. நமது கோரிக்கை

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் தலித் கிறிஸ்தவருக்கு மறுக்கப்படுகின்றது. இவர்களையும் சேர்க்குமாறு தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. கோரிக்கை நீதியானதே. ஆனால் அதன் அடிப்படை யாது? மதம் மாறியும் சாதிக்கொடுமை மாறவில்லை என்பதன்றோ! அரசின்முன் நாம் வைக்கும் இவ்வாதம், சபைக்குள் நாம் செய்ய வேண்டிய பாவ அறிக்கையுமாகும்.

4. நமது வாசல்

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென்று ஆணையிட்டார். தென்னிந்தியச் சபைகளில் பலர் இணங்க மறுத்து விலகினர். இன்றும் சில சபைகளில் கல்லறைத் தோட்டம் இரண்டாக உள்ளது. நாமும் ஊழியத்தின் தொடக்கத்தில் ஒரு சேகரத்தில் இரு தோட்டங்களிலும் அடக்க ஆராதனை நடத்தினோம். ஏன் இரண்டு என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. வழக்கமென்று வாளாவிருந்தோம். நடுச்சுவரைத் தகர்த்தவரின் பெயரால் ஜெபித்துவிட்டு, அச்சுவரின் இருபுறமும் மாறி மாறி நின்றோம்.

அரசு வீடு தரலாம், இடுகாட்டை அளந்து தரலாம், குற்றம் புரிவோரைத் தண்டிக்கலாம். நம் தோட்டத்துச் சுவரை நாமே இடித்தல் வேண்டும். ஆகவே புதிதாகச் சேகரம் ஏற்கும் இளம் போதகர்களுக்கு நாம் கூறுவது இது: முதல் மாதத்திலேயே கல்லறைத் தோட்டத்தைச் சென்று பாருங்கள். அது இரண்டாயிருப்பின், அதன் காரணத்தைச் சேகரக் குழுவில் கேளுங்கள். முதல் மறுமொழி இனிதாயிராது. எனினும் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.