நிறம் மாறினால் குற்றமா?



2018-ம் ஆண்டு புரட்டாசி மாதக் கடைசியில், தீபாவளி வியாபாரத்துக்காகச் சென்னையிலிருந்து எனக்கு வந்த லாரியில் பத்து மூட்டை கசகசா இருந்தது. மூட்டைக்கு 25 கிலோ. துருக்கிச் சரக்கு. பில், லாரி ரசீது, ஈ-வே பில் எல்லாம் சரியாகவே இருந்தன. வழியில் நடந்த ஒரு வாகனச் சோதனையில் அதிகாரி ஒருவர் மூட்டையில் குத்தூசியைச் செருகி, அடியில் தங்கியிருந்த தூசைக் கொஞ்சம் எடுத்து, சின்னக் குப்பியில் இருந்த மருந்தில் போட்டார். மருந்து ஊதா நிறமானது. அத்துடன் லாரியும் நின்றது, சரக்கும் நின்றது. மறுநாள் விசாரணைக்குக் கடைக்கே ஆள் வந்துவிட்டார்கள்.

பத்தொன்பது நாள் கழித்து ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. இருந்தது கசகசா, வேறொன்றும் இல்லை. அதற்குள் சில்லறைக் கடைக்காரர்கள் வேறிடத்தில் சரக்கு எடுத்துவிட்டார்கள். பணநஷ்டத்தைக்கூட ஆறிக்கொள்ளலாம். முப்பது வருஷமாக என்னிடம் வாங்கும் ஒரு கடைக்காரர், "அண்ணாச்சி, உங்க சரக்குல என்னமோ வந்துச்சாமே?" என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தக் கேள்விதான் இன்றும் உறுத்துகிறது.

அதிகாரி மீது எனக்குக் கோபமில்லை. அவர் தம் கடமையைச் செய்தார். கையில் இருந்த கருவிக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கருவியைப் பற்றியும், அதைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய புதிய கருவி ஒன்றைப் பற்றியும் விசாரித்து அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கசகசாவும் சட்டமும்

கசகசா, அபின் செடியின் விதை. அச்செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலில்தான் அபின் இருக்கிறது. மார்பின், கோடீன் என்ற மருந்துச் சரக்குகள் அதிலிருந்து கிடைப்பவை. விதைக்குள் இவை இல்லை என்றே சொல்லலாம். அறுவடையின்போது காயின் பாலும் தோல் தூசும் விதையின் மேல் ஒட்டிக்கொள்வது உண்டு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இச்செடியின் மற்றப் பாகங்களைக் கட்டுப்பாட்டில் வைத்து, விதையை அதிலிருந்து விலக்கியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவர் குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

என் மூட்டையில் போட்ட மருந்து, பார்மலினும் கந்தக அமிலமும் சேர்ந்த கரைசல். மார்க்கிஸ் சோதனை என்று பெயர். மார்பின் பட்டால் ஊதாவாகும். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. துளித் தூசும் ஊதாதான், கிலோ அபினும் ஊதாதான். கோகெயினுக்கு வேறொரு மருந்து, அது நீலமாகும். ஆனால் பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிறார்களே, அந்த லிடோகெயின் ஊசி மருந்துக்கும் அது நீலமாகும். ஆக, நிறம் சந்தேகத்தைக் கிளப்புமே தவிர, தீர்ப்புச் சொல்லாது.

சுகர் மெஷினின் தம்பி

கல்லூரியில் ரசாயனம் கற்பிக்கும் என் மருமகனிடம் இந்தக் குறையைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "மாமா, இதுக்கு மருந்து உங்க சட்டைப்பையிலேயே இருக்கு. தினமும் காலையில விரலைக் குத்திப் பாக்குறீங்களே, அந்த சுகர் மெஷின் மாதிரிதான்" என்றார்.

நம்மில் பாதிப் பேரிடம் அந்த மெஷின் இருக்கிறது. ரத்தச் சொட்டு ஸ்ட்ரிப்பில் பட்டதும், அதில் பூசியுள்ள நொதி சர்க்கரையோடு வினை புரிகிறது. அந்த வினையில் பிறக்கும் மிகச் சிறிய மின்சாரத்தை அளந்து, மெஷின் எண்ணாகக் காட்டுகிறது. அதே போன்ற ஒரு ஸ்ட்ரிப்பில் சந்தேகப்பட்ட பொடியைக் கரைத்து ஒரு சொட்டு விட்டு, மின் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உள்ள அழுத்தம் வந்ததும் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். அப்போது மின்சாரம் திடீரென்று ஏறி இறங்கும். கருவியின் திரையில் அது ஒரு மலைமுகடு போலத் தெரியும். முகடு எந்த இடத்தில் நிற்கிறது என்பது பொருள் எது என்பதைக் காட்டும். எவ்வளவு உயரம் என்பது அளவைக் காட்டும். மார்பின் குறைந்த வோல்ட்டிலேயே முகடு காட்டும். அதே செடியில் பிறந்த கோடீனுக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். நிறச் சோதனையில் ஒன்றுபோல ஊதாவாகத் தெரிந்த இரண்டும் இங்கே தனித்தனியே நிற்கின்றன.

நானோ எதற்கு?

முழு மிளகைத் தண்ணீரில் போட்டால் காரம் மெதுவாக இறங்கும். அரைத்துப் போட்டால் உடனே இறங்கும். எடை ஒன்றுதான், தண்ணீர் படும் பரப்புதான் கூடியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அந்த அளவிலான தங்கத் துகள்கள், கரிக் குழாய்கள், ஒரே அணு கனமுள்ள கிராபீன் என்ற கரித்தாள் ஆகியவற்றை ஸ்ட்ரிப்பின் மின்முனையில் பூசுகிறார்கள். பரப்பு பன்மடங்கு கூடுவதால் மிகச் சிறிய அளவு போதைப்பொருள்கூட முகடு காட்டிவிடும். 2004-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கிராபீனைப் பிரித்தெடுத்துக் காட்டிய கைம், நோவோசெலோவ் என்ற இருவருக்கும் 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆண்ட்வெர்ப் துறைமுகத்துப் பாடம்

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டு அல்ல. பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப், நம்மைப் போன்ற வணிகர்களின் சரக்கு குவியும் பெருந்துறைமுகம். தென்னமெரிக்காவிலிருந்து வரும் வாழைப்பழக் கண்டெய்னர்களில் கோகெயினை ஒளித்து அனுப்புவது அங்கே தீராத தலைவலி. 2023-ல் மட்டும் அங்கே 116 டன் பிடிபட்டது. அந்தக் கண்டெய்னர்களில் பழம் அனுப்பிய, வாங்கிய நேர்மையான வியாபாரிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு, எல்லைச் சோதனைக்கான மின்வேதி ஸ்ட்ரிப் கருவிகளை உருவாக்கும் திட்டம் தொடங்கியது. அவர்களுக்கு வந்த ஓர் இடைஞ்சல் நமக்கு நன்றாகப் புரியும்: கலப்படம். கோகெயினில் லெவமிசோல் என்ற, மாட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைக் கலந்து விற்கிறார்கள். அது கலந்தால் கோகெயினின் முகடு மறைந்து போகிறது. கரைசலின் காரத்தன்மையைக் கூட்டி அந்த மறைப்பை விலக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். மிளகில் பப்பாளி விதை கலப்பவனுக்கும் அவனைப் பிடிப்பவனுக்கும் நடக்கிற ஓட்டம் அங்கேயும் நடக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. பல பொருள் கலந்தால் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழப்பும். ஆகவே இதுவும் முதல் சோதனைதான். முடிவான வார்த்தை ஆய்வுக்கூடத்தின் பெரிய கருவிகளுடையதே. ஆனால் சில நிமிடங்களில் "எது, சுமார் எவ்வளவு" என்று தெரிந்தால், விதைமேல் ஒட்டிய தூசுக்கும் மூட்டைக்குள் ஒளித்த அபினுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்திருக்கும். பத்தொன்பது நாள் ஒரு நாளாகச் சுருங்கியிருக்கும். ஒளித்து அனுப்புகிறவனும் இன்னும் சுலபமாகச் சிக்குவான். நம் பிள்ளைகளைக் கெடுக்கும் சரக்கு பிடிபடுவதில் நம்மைவிட அக்கறை உள்ளவர் யார்?

நாம் செய்ய வேண்டியவை

இந்தச் சட்டத்தில் பொருள் நம் வசம் இருந்தால், அறியாமல் வந்தது என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழும். ஆகவே:

1. கசகசா வாங்கும்போது சுத்தம் செய்த சரக்காக வாங்குங்கள். இறக்குமதிப் பதிவின் நகலைப் பில்லோடு கேட்டு வாங்கி வையுங்கள்.

2. ஒவ்வொரு லோடிலும் மாதிரிப் பொட்டலம் எடுத்து, தேதி, லாரி ரசீது எண் எழுதி, இறக்கியவர் கையெழுத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

3. முகம் தெரியாதவர் பார்சலை நம் லோடில் ஏற்ற விடாதீர்கள். கிட்டங்கியை வாடகைக்கு விட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து விடுங்கள். தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

4. ஐக்கிய அரபு நாடுகளில் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. துபாய் போகிறவருக்கு மசாலா கட்டும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்.

5. சரக்கைச் சோதித்தால் ஒத்துழையுங்கள். என்ன சோதனை, என்ன முடிவு என்பது எழுத்தில் பதிவாகட்டும். மாதிரி நம் கண்ணெதிரே சீல் வைக்கப்படட்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நிறத்தை மட்டும் நம்பாமல் இத்தகைய கருவிகளை நம் ஊர்ச் சோதனைகளுக்கும் கொண்டுவர வேண்டும் என்றும், உணவுச் சரக்கின் மாதிரிகளை ஆய்வுக்கூடங்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்புவோம்.

எடை போடும்போது தராசு முள் நடுவில் நிற்கும்வரை நாம் பொறுக்கிறோம். நம்மை எடை போடுகிறவர்களிடமும் அந்தப் பொறுமையையும், நல்ல தராசையும் கேட்பதில் தவறில்லை.