ஓர் ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர்

வைகை அணையின் பூங்காவுக்குத் தேனி, மதுரையிலிருந்து ஞாயிறுதோறும் குடும்பங்கள் வந்து போகின்றன. அணைப் பகுதியிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இருக்கிறது. 1983 ஜூலை இனக்கலவரம் தொடங்கிப் போர் முடியும்வரை பாக் நீரிணையைக் கடந்து தமிழகம் வந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். மண்டபம் முகாமில் பதிந்து, மாவட்டம் மாவட்டமாக நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அவர்களில் பலரைக் குடியமர்த்தினார்கள். சில மாதங்களுக்கென்று போட்ட கூரையின் கீழ் மூன்றாம் தலைமுறை வளர்ந்துவிட்டது.

தமிழக முகாம்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து அடி அறை. அதாவது 9.3 சதுர மீட்டர். ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர்கூட வராது. இது போதுமா என்பதற்கு அறிவியலிடம் விடை இருக்கிறது.

அந்த விடையைக் கோமா நகரத்துச் சாவுகள் விரைவுபடுத்தின. 1994-ல் ருவாண்டாவிலிருந்து தப்பி வந்த லட்சக்கணக்கானோர் அன்றைய ஜயர் நாட்டின் கோமாவில் குவிந்தார்கள். எரிமலைப் பாறை நிலம் என்பதால் கழிப்பறைக் குழி தோண்ட முடியவில்லை, பாதுகாப்பான குடிநீரும் இல்லை. காலராவும் வயிற்றுக் கடுப்பும் பரவி, முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். நிவாரண அமைப்புகளும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து 1997-ல் தொடங்கிய 'ஸ்பியர்' திட்டம், மனிதர் மானத்தோடு உயிர் வாழக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்பதை எண்களாக எழுதி வைத்தது.

அதன்படி ஓர் ஆளுக்கு உறைவிடத்தில் 3.5 சதுர மீட்டர் வேண்டும். சமைக்கவும் குளிக்கவும் தனி இடம். வெப்பப் பகுதியில் கூரை உயரம் குறைந்தது 2.6 மீட்டர். இடம் குறையக் குறைய ஒருவர் இருமிய காற்றை மற்றவர் சுவாசிக்கிறார். தட்டம்மையும் காசநோயும் நெரிசலில் வேகமாகப் பரவும். அதே அறையில் விறகடுப்பும் எரிந்தால் குழந்தைகளின் நுரையீரல் இரட்டைச் சுமை தாங்க வேண்டும். வைகை அணை இருக்கும், மழை மறைவுப் பகுதியான ஆண்டிபட்டி வட்டாரத்து வெயிலில், தாழ்வான தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தலைக்கு மேலேயே இறக்கும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, பிறகு 20 பேருக்கு ஒன்று, முடிந்தவரை குடும்பத்துக்கு ஒன்று. பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடும் வழியில் விளக்கோடும் இருப்பது கட்டாயம். இருட்டுக்கு அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வரக்கூடும். அந்த நோயின் வேர் கட்டட வரைபடத்தில் இருக்கிறது.

கழிப்பறைக்குழி நீர்நிலையிலிருந்து 30 மீட்டர் தள்ளியும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலேயும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மணலும் மண்ணும் கிருமிகளை வடிகட்டும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது அது. தேனி மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். பாறை வெடிப்புகளின் வழியே கழிவுநீர் வடிகட்டப்படாமலே வெகுதூரம் ஓடிக் கிணற்றையும் போர்வெல்லையும் எட்டிவிடும். இங்கே 30 மீட்டர் போதும் என்று நம்ப முடியாது. மண்ணைச் சோதித்து இடைவெளியைக் கூட்ட வேண்டும், அல்லது கசியாத தொட்டி கட்ட வேண்டும். மண் ஆழமாக உள்ள இடத்தில் இரட்டைக்குழிக் கழிப்பறை சிறந்தது. ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தினால், ஓராண்டுக்கு மேல் கிடந்த கழிவில் கிருமிகள் பெரும்பாலும் அழிந்து அது உரமாகும். மனிதர் கையால் மலம் அள்ளும் கொடுமைக்கும் இடமிருக்காது.

கழிவு குடிநீரில் கலந்தால் காலரா பரவும். 1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துக் காலராச் சாவு விகிதத்தைச் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். நோய் வந்தவரை அந்தக் கரைசல் காத்தது. நோயை வரவிடாமல் காப்பவை கழிப்பறை, குளோரின் கலந்த குடிநீர், சோப்பு மூன்றும்தான். சோப்புப் போட்டுக் கைகழுவுவது மட்டுமே வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கிறது.

ஸ்பியர் எண்கள் ஆபத்துக் காலத்துக்கான குறைந்தபட்ச அளவு. அகதி வாழ்க்கை ஐந்தாண்டு கடந்தாலே ஐ.நா. அகதிகள் ஆணையம் அதை நீடித்த அகதி நிலை என்கிறது. நம் முகாம்கள் நாற்பதாண்டைக் கடந்துவிட்டன. 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் முக்கியப் பகுதி. வரவேற்க வேண்டிய பணி இது. ஆனால் அந்த வீடுகளில் பிறக்க வேண்டிய குழந்தைகள் பலர் பத்துக்குப் பத்து அறையிலேயே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

ஆகவே முகாமுக்கு இடம் தேர்வு செய்யும் முதல் நாளிலேயே பத்தாண்டுக்குத் திட்டமிட வேண்டும். பின்னால் ஓர் அறை கூட்டிக்கட்ட இடம், குடும்பத்துக்கொரு கழிப்பறை வரும் என்று கணித்துப் போட்ட வடிகால், உயர்த்திக் கட்டிய கூரை ஆகியவற்றை அப்போதே வரைபடத்தில் சேர்த்துவிட வேண்டும். போர் எப்போது முடியும் என்பதை வந்தவர்கள் முடிவு செய்வதில்லை. அதுவரை அவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதை முடிவு செய்வது நாம்.